கோபமல்ல, காலம்!

வீட்டில் ஒரு ஜீவன்

நேற்று வரை தோளில் உட்கார்ந்து காது மடலைக் கொஞ்சிக்கொண்டிருந்த பறவை, இன்று கூண்டுக்குள் கை விட்டால் கொத்துகிறது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க விடுவதில்லை. வெளியே விட்டால் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு சீறுகிறது. விடிந்ததிலிருந்து ஒரே கத்தல். "இதுக்கு என்னங்க வந்துச்சு? யாராவது கண்ணு வச்சிட்டாங்களா?" காக்டெய்ல் வளர்க்கும் சகோதரிகள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்.

கண்ணும் இல்லை, திருஷ்டியும் இல்லை சகோதரிகளே. அதற்குப் பருவகாலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் "அவ்வளவுதான்" என்று விட்டுவிடவும் முடியாது. பெண் பறவையாக இருந்தால் இந்தப் பருவம் அடங்காமல் நீண்டுகொண்டே போய் உயிரையே வாங்கிவிடும். அந்தப் பருவத்தை வரவழைப்பதும், போகச் சொல்வதும் பெரும்பாலும் நம் வீட்டு விளக்கிலும் நம் கையிலும்தான் இருக்கிறது. இந்த இதழில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கிளி ஆசை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடது கையில் கிளி இருப்பது உங்களுக்குத் தெரியும். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு என்று தினம் தினம் புதிதாகக் கட்டி வைக்கிறார்கள். அந்தக் கிளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், "நம்ம வீட்டுக்கும் ஒரு கிளி" என்று கேட்கத்தானே செய்வார்கள்! ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். அதனால்தான் வெளிநாட்டு இனங்களான லவ் பேர்ட்ஸும் காக்டெய்லும் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன.

பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ பானம் என்று நினைத்துவிடாதீர்கள். காக்டெய்லின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. காக்கட்டூ என்னும் கொண்டைக் கிளிக் குடும்பத்திலேயே ஆகச் சிறியது இதுதான். தலை முதல் வால் நுனி வரை ஓர் அடி இருக்கும். அதில் பாதி வால். எடை 80 முதல் 100 கிராம். கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. சந்தோஷமோ பயமோ, கொண்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் கூட இருக்கும். அப்படியென்றால் வருஷா வருஷம் அதன் பருவத்தையும் நாம் சமாளித்துத்தானே ஆகவேண்டும்?

ஆணா, பெண்ணா?

குஞ்சாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சாம்பல் நிறத்து வகையில், முதல் இறகு உதிர்த்து முடிந்ததும் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும். வாலுக்கு அடியில் வரி வரியாகக் கோடுகள் இருக்கும்.

பருவம் வந்த ஆண், தோள்பட்டையிலிருந்து இறக்கையைச் சற்றே தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடக்கும். விடாமல் விசில் அடிக்கும். அலகால் டொக் டொக்கென்று தட்டும். உட்காருகிற குச்சியில் உடம்பைத் தேய்க்கும். எங்கள் வீட்டு ராசு, பளபளவென்று தேய்த்து வைத்த எவர்சில்வர் குடத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன் எதிரே மணிக்கணக்கில் பாடுவான். குடத்தை எடுக்கப் போனால் கொத்து! குடத்தை அடுப்படிக்குள் மாற்றிய பிறகுதான் அடங்கினான்.

பெண்ணோ, குனிந்து வாலைத் தூக்கிக்கொண்டு மெல்லிய குரலில் கீச்சிடும். இருட்டு மூலை தேடும். காகிதத்தைக் கிழித்துப் போடும். எச்சம் வழக்கத்தைவிடப் பெரிது பெரிதாக விழும். இதெல்லாம் தெரிந்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஆணே இல்லாம எப்படி மதினி முட்டை?" என்று கேட்பார்கள். கடையில் வாங்குகிற முட்டையை இடுகிற கோழிகளுக்குச் சேவல் ஏது? அதே கதைதான். முட்டை வரும், குஞ்சு பொரிக்காது.

பருவத்தைக் கூப்பிடுவது யார்?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமியில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து, புல் விதை பிடிக்கிற காலத்தில், காக்டெய்ல் ஒரு மரப்பொந்தைத் தேடிப் பிடித்து முட்டையிடும். அதாவது நீண்ட பகல், நிறைந்த தீனி, இருட்டான பொந்து, பக்கத்தில் ஒரு துணை - இந்த நாலும் சேர்ந்தால் அதன் உடம்பு "இதுதான் நேரம்" என்று முடிவு செய்துவிடுகிறது.

இதில் முதல் ஆள் வெளிச்சம். பறவையின் மூளைக்கு உள்ளேயே வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டை ஓடு மெல்லியது என்பதால், கண் வழியாகப் போகாமலேயே வெளிச்சம் அங்கே எட்டிவிடும். பகல் நீண்டுவிட்டது என்று தெரிந்ததும் மூளை ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். அதுவரை சுருங்கிக் கிடந்த சினைப்பை வளர ஆரம்பிக்கும். பருவம் முடிந்தால் மறுபடி சுருங்கிவிடும்.

இதை நம் நாமக்கல்காரர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? முட்டைக் கோழிப் பண்ணையில் சூரியன் தருகிற வெளிச்சம் போதாதென்று பல்பு போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். கோழியும் முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்கு அடிப்படையான சங்கதியை 1920-களில் கனடா நாட்டு எட்மன்டன் நகரத்தில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர் சோதித்துக் காட்டினார். பனி உறைகிற குளிர்காலத்தில் ஜங்கோ என்ற சிறு குருவிகளை வெட்டவெளிக் கூண்டில் வைத்து, சாயங்காலங்களில் பல்பு எரித்துப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். அந்தக் குளிரிலும் அவற்றின் உடம்பு வசந்தகாலம் வந்துவிட்டது போல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டதாம்!

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வருஷத்திலேயே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் வித்தியாசம். சூரியனை மட்டும் நம்பினால் வருஷம் பூராவும் ஏறக்குறைய 12 மணிப் பகல்தான். அதை 16, 17 ஆக்குவது நம் டியூப் லைட்டும் டி.வி.யும்!

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நடந்தது

என் நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவருக்கு ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. சாயங்காலம் 4 மணி ஷிப்ட் என்றால் நள்ளிரவு 12 மணிக்கு விடும். அதற்குப் பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியில் வரவேண்டும். மகன் வெளியூர்ப் படிப்புக்குப் போய்விட்டான். மாமியார் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். இவள் மட்டும் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருப்பாள். மகன் போகும்போது அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் காக்டெய்ல். பெயர் மல்லி.

மல்லியை அவள் கொஞ்சினதைப் போல யாரும் கொஞ்சியிருக்க முடியாது. ராத்திரி பூராவும் மடியில் வைத்து முதுகைத் தடவிக் கொடுப்பாள். பருப்புச் சாதத்தை வெதுவெதுப்பாகப் பிசைந்து விரல் நுனியில் ஊட்டுவாள். பறவை வாங்கின கடையிலேயே ஒரு மண் பானையும் கொடுத்திருந்தார்கள். அது கூண்டில் தொங்கியது. கணவர் வந்து சாப்பிட்டு விளக்கை அணைக்கும்போது மணி பன்னிரண்டரை, ஒன்று ஆகிவிடும்.

போன வருஷம் தை மாதம் மல்லி முதல் முட்டை போட்டது. ஒன்று விட்டு ஒரு நாளாக ஐந்து முட்டை. "குஞ்சு பொரிக்காத முட்டை எதுக்கு? அழுகி நாறும்" என்று அவள் மாமியார் எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் மறுபடியும் நாலு. அதையும் எடுத்தார்கள். சித்திரை கடைசியில் மறுபடியும். இடையில் கொத்தலும் கத்தலும் வேறு. "ஒத்தையில கெடக்குற சீவன், அதான் இம்புட்டுக் கோவம். ஒரு சோடியை வாங்கி விட்டுரு, எல்லாம் சரியாப் போகும்" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஒரு நாள் காலையில் நாத்தனார் போன் செய்தாள். "மதினி, மல்லி கீழ இறங்கி உக்காந்திருக்கு. கம்பி மேல ஏறவே மாட்டேங்குது. உடம்பு பந்து மாதிரி உப்பிக்கிட்டு, மூச்சு விடும்போது வாலு மேலயும் கீழயும் ஆடுது" என்றாள். குரலே சரியில்லை.

"முட்டை அடைச்சிருக்கும்மா. நீ அமுக்காத, எண்ணெய் கிண்ணெய் எதுவும் போடாத. பேனை நிறுத்தி, அட்டைப் பெட்டியில துணி விரிச்சு வை. நான் பஸ் ஏறிட்டேன்" என்றேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விட்டோம். அவர் கால்சியம் ஊசி போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் நாலு மணிக்கு முட்டை வெளியே வந்தது. ஓடே இல்லை. தொட்டால் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது.

"ஓடு கட்டுறதுக்கு இதோட உடம்புல சுண்ணாம்புச் சத்து மிச்சம் இல்லைம்மா. இன்னும் ரெண்டு தடவை இப்படிப் போட்டா, காப்பாத்த முடியாது" என்றார் மருத்துவர்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 90 கிராம் பறவை சுமார் 5 கிராம் முட்டையிடுகிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண் மூன்றேகால் கிலோ பிள்ளையைப் பெறுவது போல! அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கு தீனியிலிருந்து வரும்; மீதியை அதன் எலும்பிலிருந்தே உடம்பு உருவிக்கொள்ளும். அது தீர்ந்தால் ஓடும் கட்டாது. முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் பலம் இருக்காது. முட்டை வழியில் நின்றுவிடும்.

அன்று ராத்திரி ஹாலில் உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டோம். காலை 6 மணியிலிருந்து ராத்திரி பன்னிரண்டரை வரை வெளிச்சம். பதினெட்டரை மணி நேரம்! நாமக்கல் கோழிக்குக்கூடப் பதினாறுதான். முதுகைத் தடவுவது துணைப் பறவை செய்கிற வேலை. வெதுவெதுப்பாக ஊட்டுவதும் துணைப் பறவை செய்கிற வேலை. பானை என்பது பொந்து. முட்டையை எடுத்துவிட்டால், "போச்சே, இன்னொண்ணு போடு" என்று உடம்பு சொல்லும். அவள் காட்டிய பாசம் ஒவ்வொன்றும் அந்தப் பறவையின் காதில் "முட்டை போடு, முட்டை போடு" என்றுதான் விழுந்திருக்கிறது.

"இனிமே ஆறரை மணிக்கெல்லாம் உள் ரூமுல இருட்டுல விட்டுரணும்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது தூங்கப் போயிட்டா, ராத்திரி நான் யாரோட மதினி இருக்கிறது?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதைப் புத்தகங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. பறவைக்கு இருட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னால், வீட்டில் அந்த வெளிச்சத்தை நம்பி இருப்பவர் ஒருவர் உண்டு என்பது விட்டுப்போகிறது. ஆனால் அவளே அன்றைக்கு எழுந்து கூண்டைத் தூக்கி உள் அறையில் வைத்தாள். நாலு நாள் மல்லி கத்தியதாம். கதவுக்கு வெளியே இவளும் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஐந்தாம் நாள் இரண்டும் அடங்கின.

இப்போது அவள் கணவர் ஒரு சாவி வைத்திருக்கிறார். சாப்பாடு சூடு ஆறாத பாத்திரத்தில் இருக்கும். இவள் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறாள். காலை ஏழு மணிக்குத் திண்ணையில் கூண்டோடு உட்கார்ந்து இரண்டு பேரும் விசில் அடிக்கிறார்கள். "நானும் தூங்கி எந்திரிச்சதுல தலைவலி கொறைஞ்சிருக்கு மதினி" என்கிறாள். மல்லி அதன் பிறகு ஒரே ஒரு முறை நாலு முட்டையிட்டது. யாரும் எடுக்கவில்லை. இருபது நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகு இன்று வரை முட்டை இல்லை.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

1. இருட்டு: தினம் குறைந்தது 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். பருவம் மிஞ்சிப் போனால் ஓரிரு வாரம் 13, 14 மணி நேரம் கொடுங்கள். டி.வி. இருக்கிற ஹாலில் கூண்டின் மேல் துணி போட்டால் மட்டும் போதாது. வேறு அறைக்கு மாற்றுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும். காக்டெய்லுக்கு நடு ராத்திரியில் திடுக்கிட்டுச் சிறகடித்துக் காயப்படுத்திக்கொள்கிற குணம் உண்டு. அப்படிப்பட்ட பறவையானால் அறைக்கு வெளியே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கலாம்.

2. பொந்து: பானை, தேங்காய்ச் சிரட்டை, அட்டைப் பெட்டி, துணிக் கூடாரம் எதுவும் கூண்டில் வேண்டாம். பீரோ அடி, கட்டில் அடி, திறந்த மேஜை டிராயர் - இவற்றை அடைத்துவிடுங்கள். கிழித்துச் சேர்க்கிற காகிதமும் வேண்டாம்.

3. கை: தலையையும் கன்னத்தையும் மட்டும் வருடுங்கள். முதுகு, இறக்கைக்கு அடி, வால் பக்கம் வேண்டாம். அது குனிந்து வாலைத் தூக்கினால் கத்தாமல் அதட்டாமல் மெதுவாகக் கீழே விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

4. தீனி: வெதுவெதுப்பான குழைந்த சாதம், நெய், தாராளமான சூரியகாந்தி விதை - இவற்றை நிறுத்துங்கள். தினை, கம்பு அளவோடு. முருங்கைக்கீரை, கொத்துமல்லி, காரட் நிறைய. வாயில் வைத்து ஊட்டவே வேண்டாம். ஆனால் ஒன்று: முட்டையிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் பட்டினி போட்டு அடக்கப் பார்க்காதீர்கள். அப்போது அதற்குச் சத்து வேண்டும்.

5. கண்ணாடி: கூண்டுக் கண்ணாடி, பளபளக்கும் மணி, ஆசையாகக் கட்டிப் பிடிக்கிற பொம்மை எல்லாம் அதற்குத் துணை மாதிரிதான். எடுத்துவிடுங்கள்.

6. இடம்: கூண்டை வேறு மூலைக்கு மாற்றுங்கள். உட்காருகிற குச்சிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றுங்கள். "இந்த இடம் நிலையில்லை, இப்போது கூடு வேண்டாம்" என்று அதற்குத் தோன்றட்டும்.

7. வேலை: வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ கழுவிக் கொடுத்தால் கடித்துக்கொண்டிருக்கும். கீரையைக் கட்டாகத் தொங்கவிட்டால் அரை மணி நேரம் பொழுது போகும். பறக்க விடுங்கள். ஒரு புது விசில் சொல்லிக் கொடுங்கள்.

8. சுண்ணாம்புச் சத்து: கணவாய் மீன் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு துண்டு கூண்டில் எப்போதும் இருக்கட்டும். அந்தச் சத்து உடம்பில் சேர இளவெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது. காலையில் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். பாதி கூண்டுக்கு நிழல் இருக்க வேண்டும். பூனை, காக்கைக்குக் காவலும் வேண்டும்.

ஆண் பறவைக்கும் இதே வைத்தியம்தான். கொத்தினால் அடிக்காதீர்கள்; மூக்கில் சுண்டாதீர்கள். கையை அதன் "எல்லை"க்குள் விடாமல், ஒரு குச்சியை நீட்டி ஏறச் சொல்லி வெளியே கொண்டு வாருங்கள். வெளியே வந்தால் பழைய பிள்ளையாகிவிடும்.

முட்டை வந்துவிட்டால்?

எடுக்காதீர்கள். இதுதான் முதல் பாடம். நாலு முதல் ஏழு முட்டை வரை இடும். அடை காக்கிற காலம் சுமார் மூன்று வாரம். தானாக அலுத்து விட்டுவிடுகிற வரைக்கும் அதன் வயிற்றுக்கு அடியிலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் தேதியைப் பென்சிலால் குறித்து வையுங்கள். உடைந்தால் மட்டும் எடுங்கள்.

கூட ஆண் இருந்து, உங்களுக்குக் குஞ்சு வேண்டாம் என்றால், இட்ட அன்றைக்கே முட்டையை எடுத்து வேக வைத்து, நன்றாக ஆறினதும் திரும்ப வைத்துவிடலாம். அதே அளவில் பிளாஸ்டிக் முட்டை கிடைத்தால் அதையும் வைக்கலாம்.

சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒரு முறை பறவையை நிறுத்து எழுதி வையுங்கள். திடீரென்று எடை குறைந்தால் உடம்பு சரியில்லை என்று நமக்கு முன்னால் தராசு சொல்லும்.

ஓட வேண்டிய நேரம்

கூண்டின் தரையில் உட்கார்ந்திருத்தல், உடம்பை உப்பிக்கொள்ளுதல், மூச்சோடு வால் ஆடுதல், காலை அகட்டி முக்குதல், எச்சம் போகாமை, கால் தொய்ந்து போதல் - இதில் ஒன்று இரண்டு சேர்ந்து தெரிந்தாலே முட்டை அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயம் அல்ல இது, மணிக்கணக்குத்தான். அமுக்கவோ உடைக்கவோ பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் ஆபத்து. வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குளிர் நாளில் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம். சூடு கூடினால் அது நகர்ந்துகொள்ள இடம் விடுங்கள். எங்கள் ஊர் கோடை வெயிலில் பேனை நிறுத்தினாலே போதும்.

பறவை பார்த்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. யாரிடம் போகலாம் என்பதை முட்டை வருவதற்கு முன்பே விசாரித்து, போன் நம்பரைக் கூண்டிலேயே ஒட்டி வையுங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். இங்கே பலர், "நாய்க்குச் செய்யிற மாதிரி ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். பறவைக்கு அது சுலபமில்லை, அபாயம் அதிகம். வீட்டு மாற்றங்களால் அடங்காத பறவைக்கு லூப்ரோலைட் என்ற ஊசியும், தோலுக்கடியில் வைக்கிற டெஸ்லோரெலின் என்ற மருந்தும் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

ஜோடி வாங்கி விடலாமா?

பெரியவர்கள் அனுதாபத்தோடுதான் சொல்கிறார்கள். தனிமை பறவைக்குக் கஷ்டம் என்பதும் நிஜம்தான். ஆனால் முட்டையிட்டு இளைத்துப் போன பெண்ணிடம் ஓர் ஆணைக் கொண்டுவந்து விட்டால், நிற்க வேண்டிய முட்டை நிற்காது. குஞ்சும் வந்து, அதை வளர்க்கிற பாடும் சேரும். துணை வாங்குவதாக இருந்தால், முட்டை நின்று, எடை ஏறி, மாதங்கள் போன பிறகு யோசியுங்கள். இப்போதைக்கு அதற்கு வேண்டியது ஓய்வு.

வீட்டில் ஒரு பெண் பிள்ளை சிடுசிடுத்தால்கூட, "அதுக்கு என்ன கோபம்?" என்று கேட்கத் தெரிந்த நாம், "அதுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க மறந்துவிடுகிறோம். பறவையிடமும் அப்படித்தான். கொத்துகிறதே என்று கூண்டை மூலையில் தள்ளி, தீனி மட்டும் போட்டு விட்டுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். யாருக்காவது கொடுத்துவிட்டவர்களும் உண்டு. சில வாரம் விளக்கைச் சீக்கிரம் அணைத்திருந்தால் அதே பறவை அதே தோளில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மேலே சொன்னதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இன்று ராத்திரி கூண்டை உள் அறைக்கு மாற்றுங்கள். நாளைக்குப் பானையை எடுங்கள். ஆனால் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிற பறவையிடமிருந்து இப்போது எடுக்காதீர்கள், அது எழுந்து வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் விளக்கு அணைத்த நேரம், எடை, முட்டைத் தேதி மூன்றையும் எழுதி வாருங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்த ஒரு பக்கம் ரொம்ப உதவும்.

அடுத்த இதழில், இறகு உதிர்க்கிற காலத்தில் பறவைக்கு என்ன கொடுக்கலாம் என்று பார்ப்போம்.